திருக்கழுக்குன்றத்துக்கு ஒரு பயணம்: குன்றின் அடியில் வாழும் குடும்பங்கள்



சென்னையிலிருந்து தெற்கே புறப்படும் நம் குடும்பங்களில் பல, கோவளம் தர்காவுக்குச் சென்று, அப்படியே மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை புறப்படும்போது பாதையைச் சற்றே மாற்றிக்கொள்ளுங்கள். இரயிலில் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் திருக்கழுக்குன்றம் வரும். அங்கிருந்து அதே அளவு தொலைவில் மாமல்லபுரமும் கடலும் உங்களை எதிர்கொள்ளும். இந்தச் சிறிய பயணத்தில் கண்ணுக்கு விருந்து நிறைய உண்டு. கருத்துக்கு வேலையும் உண்டு. இரண்டாவதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

செங்கல்பட்டை விட்டதும் ஏரிகளும் வயல்களும், இடையிடையே கரடுகளும் புதர்க்காடுகளும் மாறி மாறி வரும். பின்னர் ஒற்றைக் குன்று ஒன்று எழுந்து நிற்கக் காண்பீர்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட அந்தக் குன்றின் உச்சியில் வேதகிரீசுவரர் கோயில் உள்ளது. ஊருக்குள் சங்கு தீர்த்தம் என்னும் பெரிய குளம். குன்றின் சரிவில் ஒரே பாறையைக் குடைந்து செய்த மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில், 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவனுக்கும் இந்தக் குன்று ஓர் உல்லாசத் தலமாக இருந்திருக்கிறது!

இந்த ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் பறந்து வந்து, கோயில் பண்டாரம் நீட்டும் சோற்றை உண்டு செல்லும் காட்சியைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் திரண்டனர். பறவை நூலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பர். 1990களின் இறுதிக்குப் பிறகு அவை வருவது நின்றுவிட்டது. பறவைக்கு வேளை தவறாமல் அன்னமிட்ட ஊர் என்று உலகமெல்லாம் அறிந்த ஊர் இது. அந்தக் குன்றின் அடியில், வேளைக்கு அன்னம் கிடைக்குமா என்று காத்திருந்த குழந்தைகளைப் பற்றி உலகம் அறிந்தது மிகக் குறைவு.

இருளர் குடும்பங்கள்

திருக்கழுக்குன்றம் வட்டத்தில் ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் தனித்தனிக் கொத்துகளாகக் குடிசைகளைக் காணலாம். அவற்றுள் பல இருளர் பழங்குடியினருடையவை. ஒரு காலத்தில் இந்தப் புதர்க்காடுகளே அவர்களுக்கு வீடு, அங்காடி, மருந்தகம் எல்லாமாக இருந்தன. தேன், கிழங்கு, மூலிகை, வயல் எலி, பாம்பு என்று இயற்கையோடு பிழைத்தவர்கள். காடு சுருங்கிச் சட்டங்கள் பெருகியபோது, நிலமும் இல்லாமல் தொழிலும் இல்லாமல் கூலிக்குப் போகத் தலைப்பட்டனர். தமிழகத்தில் மிகவும் நலிந்த பழங்குடியினர் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களுள் இருளரும் ஒருவர்.

நிலமற்ற ஏழைக்கு வேலை கொடுப்பவர் முதலில் கொடுப்பது முன்பணம். திருமணத்துக்கோ, மருத்துவத்துக்கோ, ஒரு சாவுச் செலவுக்கோ வாங்கிய சில ஆயிரங்கள் அவை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் குடும்பமே உழைத்தாலும் அந்தக் கடன் கரைவதில்லை. தந்தை வாங்கிய கடனுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம் பறிபோகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 43 ஆண்டுகள் கழிந்து, 2019 ஜூலையில், இந்தப் பகுதியெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த காலத்தில், காஞ்சிபுரத்திலும் வேலூரிலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து பெண்களும் குழந்தைகளும் உள்பட 42 பேரை அதிகாரிகள் மீட்டனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து அழும் படத்தை நாளேடுகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மீட்கப்பட்டவருக்கு அரசு தரும் முதல் பொருள் ஒரு தாள். அதற்கு விடுதலைச் சான்றிதழ் என்று பெயர். பழைய கடன் செல்லாது என்று அந்தத் தாள் சொல்கிறது. மறுவாழ்வுக்காக ஆடவருக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த நேர்வுகளில் 3 லட்சம் ரூபாய் என்று 2016ஆம் ஆண்டின் மத்தியத் திட்டம் வகுத்தது. உடனடி உதவித் தொகை 2022 ஜனவரியில் 30,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. தாள் கையில் இருந்தால்தான் இவற்றின் கதவு திறக்கும். தாள் இல்லாமல் தப்பி வந்த குடும்பம், பிழைப்புக்கு வழியின்றி மீண்டும் முன்பணம் தேடிப் போகிறது.

ஸகாத் பெறத் தகுதியுடையோர் எட்டுப் பிரிவினர் என்பதையும், அவர்களுள் அடிமைத்தளையில் இருப்போரும் கடன்பட்டோரும் அடங்குவர் என்பதையும் நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் படித்திருக்கிறோம். அடிமைத்தளை என்பது ஏதோ பழங்காலச் செய்தி என்று எண்ணிக் கடந்து வந்திருப்போம். இந்தச் சாலையில் பயணம் செய்தால் அது நம் காலத்துச் செய்தியுந்தான் என்பது விளங்கும்.

தண்டரைப் பெண்களின் முயற்சி

துன்பத்தை மட்டும் சொல்லிச் செல்வது நீதியாகாது. திருக்கழுக்குன்றத்தை அடுத்த தண்டரையில் 1986இல் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் தொடங்கப்பட்டது. பாட்டிமார் நெஞ்சில் சுமந்து வந்த மூலிகை அறிவையே முதலாகக் கொண்டு, மூலிகைத் தோட்டமும் நாற்றுப் பண்ணையும் மருந்து தயாரிப்புமாக அந்தப் பெண்கள் தங்கள் கால்களில் நிற்கப் பழகினர். ஏழைக்குத் தெரியாததைக் கற்பிப்பதுதான் உதவி என்று நாம் எண்ணுகிறோம். ஏழைக்குத் தெரிந்ததை விலைபோகச் செய்வது அதனினும் பெரிய உதவி.

இதற்கு இன்னொரு சான்று கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வந்த இருளர்களின் பிழைப்பு, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நின்றுபோனது. சட்டம் பாம்பைக் காத்தது. பாம்பு பிடித்தவனின் பிள்ளையைக் காப்பது யார்? அந்தக் கேள்விக்கு விடையாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து உருவாகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கி நாடு பெருமைப்படுத்தியது. எங்கோ ஒரு சிற்றூரில் வயலில் பாம்பு தீண்டி உயிர் பிழைத்தவர் நம் உறவினராகவும் இருக்கலாம். அவர் உடலில் ஓடியது இந்தக் குடிசைவாசிகளின் உழைப்பு.

ஆழிப்பேரலைக்குப் பின்

திருக்கழுக்குன்றத்திலிருந்து நேர்கிழக்கே சென்றால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. அடுத்தது கல்பாக்கம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. அந்தப் பேரிடரில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழக அரசு தலா 5 லட்சம் ரூபாயை வைப்புத் தொகையாகப் போட்டது. கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் 2021இல் அதே வழி பின்பற்றப்பட்டது. நல்ல செயல், போற்ற வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஊரறிய நிகழும் துயரத்தை நாடு உடனே காண்கிறது. சூளையில் சரிந்து விழுந்து இறந்த தந்தையின் பிள்ளையும் அநாதைதான். பிரசவத்தில் தாயை இழந்து, தந்தையாலும் கைவிடப்பட்ட பிள்ளையும் அத்தகையதுதான். அந்தத் துயரத்துக்குக் கடலின் இரைச்சல் இல்லை. எனவே அதை யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை தன் துயரத்தைத் தானே தாளில் எழுதி, முத்திரை வாங்கி மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

பூஞ்சேரி தந்த பாடம்

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரி என்னும் ஊர் உள்ளது. இதுவும் திருக்கழுக்குன்றம் வட்டத்தைச் சேர்ந்ததே. இங்கே நரிக்குறவர்களும் இருளர்களும் வாழ்கிறார்கள். 2021 அக்டோபரில், மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியில் அமரத் தன்னையும் தன் குழந்தையையும் விடவில்லை என்று நரிக்குறவப் பெண் ஒருவர் துணிந்து பேசினார். அந்தப் பேச்சு நாடெங்கும் பரவியது. அறநிலையத்துறை அமைச்சரே வந்து அவருடன் பந்தியில் அமர்ந்து உண்டார். 2021 நவம்பர் 4 அன்று அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து, வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை முதலியவற்றை அந்த மக்களின் கையில் கொடுத்தார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் வழியே தமிழகத்து நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். நெடுநாள் கோரிக்கை அது.

ஒரு பெண் தனக்காகவும் தன் மக்களுக்காகவும் பேசியதால் இவ்வளவும் நடந்தது. ஆயினும் ஒவ்வொரு குடிசைக்கும் முதலமைச்சர் வர இயலாது. பழங்குடியினர் சான்றிதழைச் சாதாரணமாக வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் தொடங்கி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக ஏறிச் செல்ல வேண்டும். தந்தையிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். தந்தை பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர். பிறப்புப் பதிவு எங்கே என்பார்கள். பிள்ளை பிறந்தது சூளையின் ஓரத்தில். ஒவ்வொரு முறை அலுவலகம் சென்று திரும்புவதும் ஒரு நாள் கூலியை இழப்பதாகும். மூன்றாம் முறைக்குப் பின் தாய் போவதை நிறுத்திவிடுகிறாள். பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளை, உதவித் தொகைக்கும் விடுதி இடத்துக்கும் மேற்படிப்புக்கும் சான்று கேட்கப்படும் நாளில் நின்றுவிடுகிறது.

செங்கல்பட்டுக் கோட்டைச் சுவர்

கடற்கரையிலிருந்து மீண்டும் செங்கல்பட்டுக்கு வாருங்கள். இரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், பழைய கோட்டையையும் அதன் ஊடே செல்லும் இரயில் பாதையையும் பார்க்கலாம். வெள்ளையர் ஆட்சியில், 1887இல், குற்றம் செய்த சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி இந்த ஊரில் அமைந்தது. அன்று தொட்டு, வழிதவறிய சிறுவர்களை அடைத்து வைக்கும் ஊர் என்னும் பெயர் செங்கல்பட்டுக்கு ஏற்பட்டது. குறும்பு செய்யும் பிள்ளையைச் செங்கல்பட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று பழைய தலைமுறையினர் மிரட்டுவதுண்டு.

2022 டிசம்பர் 31 அன்று, திருட்டு வழக்கொன்றில் பிடித்துச் செல்லப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடிபட்டு இறந்தான். இல்ல ஊழியர் அறுவர் கைது செய்யப்பட்டனர். தமிழகம் முழுவதிலும் உள்ள இத்தகைய இல்லங்களை ஆராய்ந்து சீர்திருத்தம் சொல்ல, ஓய்வு பெற்ற நீதியரசர் கே.சந்துருவின் தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. அவர் 2023 நவம்பரில் தம் அறிக்கையை அளித்தார். வழக்கறிஞராக இருந்த காலத்தில் காவல் நிலையத்தில் மாண்ட ஓர் ஏழைத் தொழிலாளியின் மனைவிக்காக வாதாடியவர் அவர். அந்த வழக்கைத் தழுவியே 2021இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வந்தது.

குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். முடிந்த வரை குடும்பத்தோடு வைத்தே காக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கொள்கை வகுத்திருக்கிறது. ஒரே சாலையின் இரு முனைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில், தாயின் கைக்கு வேலையும் கண்ணியமும் தந்து பிள்ளையை வீட்டிலேயே காத்த தண்டரை. மறுமுனையில், சுவருக்குள் போன பிள்ளை பிணமாகத் திரும்பிய செங்கல்பட்டு. குடும்பத்தை நிலைநிறுத்தும் உதவி முன்பே சென்றிருந்தால், சுவருக்குள் போகும் பிள்ளைகள் எத்தனையோ குறைந்திருப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

திட்டங்களுக்குத் தமிழகத்தில் பஞ்சமில்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு நம் தலைமுறையை வளர்த்தது. விடியுமுன் தாய் வேலைக்குச் சென்றுவிடும் வீட்டுப் பிள்ளைகளை எண்ணி, 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக் கரங்கள் 2025 செப்டம்பரில் தொடங்கியது. மிஷன் வாத்சல்யா என்னும் மத்தியத் திட்டம், ஏழைக் கைம்பெண்ணின் பிள்ளை உள்பட, குடும்பத்திலேயே வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று 2022இல் வகுத்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இவை இருளருக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். நம் மஹல்லாவிலேயே, கணவனை இழந்த சகோதரி மூன்று பிள்ளைகளோடு உறவினர் வீட்டுத் திண்ணையில் முடங்கிக் கிடப்பாள். தலாக் பெற்ற பெண் பீடி சுற்றியோ பூ கட்டியோ மகளைப் படிக்க வைப்பாள். மேற்சொன்ன உதவிகளில் எது தமக்கு உரியது என்பது அவர்களுக்கும் தெரியாது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்ற ஒன்று இருப்பதும், அதற்குப் பொதுமக்கள் அளிக்கும் நன்கொடைக்கு ஈடாக அரசும் நிதி சேர்ப்பதும் நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர் அறிந்த செய்தி?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறக்கு முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். பின்னர் பெரிய தந்தை அபூதாலிப் தம் வீட்டில் வைத்துத் தம் பிள்ளையாகவே வளர்த்தார். அநாதைக்கு உறவின் வீடு கிடைத்த வரலாறு அது. பெருநாள் தோறும் அநாதை இல்லத்துக்குப் பிரியாணி அனுப்புவது நல்லதே. அந்தப் பிள்ளை தன் தாயோடு, தன் வீட்டில், தன் கையால் உண்ண வழி செய்து கொடுப்பது அதனினும் நல்லது.

அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. படித்த ஓர் இளைஞனோ, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரோ, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, வருவோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், பிறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகிய ஐந்தும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லலாம். எழுத்தறியாத தாயோடு வட்டாட்சியர் அலுவலகம் வரை உடன் செல்லலாம். படித்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது அதே மேசையில் அதே கேள்வி மரியாதையோடு கேட்கப்படுவதைக் காண்பீர்கள். வருபவர் எந்தச் சமயம், எந்தக் குடி என்று கேளாமல் இதைச் செய்யுங்கள். துன்புறும் குழந்தையை எங்கு கண்டாலும் 1098 என்னும் கட்டணமில்லாத தொலைபேசி எண்ணை அழையுங்கள். அந்த எண்ணை உங்கள் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வித்து வையுங்கள்.

விருந்தளிக்கும்போதும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பந்தியிலிருந்து ஏழையை எழுப்பிவிடுவது ஏதோ ஓர் ஊரில் மட்டும் நிகழ்வதில்லை. நம் வலீமா விருந்துகளில் வாசலில் நிற்கும் குழந்தைக்குப் பந்தி முடிந்த பிறகு பொட்டலம் கட்டித் தருகிறோமா, அல்லது ஒரு ஸஹனில் இடம் விட்டு உட்கார வைக்கிறோமா? விடை நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.

எனவே வாசகர்களே, திருக்கழுக்குன்றத்துக்குப் போய் வாருங்கள். குன்றையும் குளத்தையும் கோட்டையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏரிக்கரைக் குடிசைகளைக் கடக்கும்போது, அங்கே வாழ்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன தெரியும், என்ன கிடைக்கவில்லை என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும், இன்ஷா அல்லாஹ், உங்கள் தெருவில் உள்ள ஒரே ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு சான்றிதழுக்காக ஒரு நாளை ஒதுக்குங்கள். பெருந்திட்டங்களெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் அலுவலகத்தில் காத்துக் கிடக்கின்றன.